விண்வெளிக் கயிறும் பொன்மலைக்காரரும்

நம்மவர் ஒருவர் விண்வெளிக்குப் போய்வந்த வருஷம், புத்தூர் உடற்பயிற்சிக்கூடத்துக்குக் கயிறு இழுக்கும் மெஷின் ஒன்று வந்தது. "விண்வெளி வீரருங்க இழுக்கிற அதே கம்பிக்கயிறுங்க," என்றார் முதலாளி. நான் பெருமையாக உட்கார்ந்தேன்.

பொன்மலை ரயில்வே பட்டறையில் கிரேன் கயிறுகளைச் சோதிக்கும் ஒல்லி மனிதர் ஒருவர் அங்கே வருவார். துணிக்கொடியைக்கூடக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறவர். இதையும் தடவினார். "எந்திரிங்க சார். இந்தக் கயித்துல ஏழு கம்பி அறுந்திருக்கு."

"விண்வெளியிலயே அறுந்து போகாததுங்க!" என்றார் முதலாளி.

"அங்க அறுந்தா மிதப்பாங்க. இங்க விழுவாங்க."

முதலாளியே உட்கார்ந்து இழுத்துக் காட்டினார். மூன்றாவது இழுப்பில் கயிறு அறுந்து மல்லாந்து விழுந்தார்.

அந்த மனிதர் குனிந்து எடுத்தது கயிற்றின் நுனியை. "துருவைப் பார்த்தா, ஏற்கெனவே அறுந்தது ஒம்பது. குறைச்சுச் சொல்லிட்டேங்க, மன்னிச்சுக்குங்க," என்று என்னிடம் நிஜமாகவே வருந்தினார். அப்படியொரு நேர்மையை நான் வேறெங்கும் கண்டதில்லை. முதலாளியைத் தூக்கிவிட்டது நான்தான்.