மச்சானின் வெள்ளை ஜுப்பா

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். என் மூத்த சகோதரி ராத்தாவைக் கட்டிய மச்சான் மருதமுனையிலிருந்து அப்படி வந்து சேர்ந்தபோது எனக்கு எட்டு வயது. நெசவு நூலுக்குச் சாயம் போடுவது அவர் தொழில். ஒரு வாரமாக ராத்தா அவர் முன்னால் வாயே திறக்கவில்லை. மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு தாய்வீடு போய்விடுவாரோ என்று உம்மாவுக்கு ஒரே கவலை. அது எனக்கும் தொற்றிக்கொண்டது.

முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்கென்று சுருக்கமில்லாமல் மினுக்கிக் கதிரையில் போட்டிருந்த அவருடைய வெள்ளை ஜுப்பாவில், மஞ்சள் போட்டுத் தேங்காய்ப்பாலில் காய்ச்சிய பாலாணத்தைக் கொட்டிவிட்டேன். யாருக்கும் தெரியாமல் கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் கறை என் கண்முன்னே இரத்தச் சிவப்பானது. நான் போட்ட கூச்சலில் வீடே திரண்டது.

“அல்லாஹ்வே, என்ன வேல புள்ள பாத்திருக்காய்!” உம்மா தலையில் கைவைத்தார்.

“போயிடாதீங்க மச்சான்” என்று நான் அழுதேன்.

“நான் எங்க போற?” என்று திகைத்தவர், ஜுப்பாவைப் பார்த்துச் சிரித்தார். “ஒரு தேசிக்காய் கொண்டு வாங்க மச்சி” என்றார் என்னிடம்.

தேசிக்காயின் புளிச்சாறு பட்டதும் சிவப்பு ஓடிப்போய்ப் பழைய மஞ்சள் வந்தது. சவர்க்காரம் போட்டார், மறுபடி சிவந்தது. மஞ்சள் காரத்தில் சிவக்கும், அமிலத்தில் திரும்பும் என்று இப்போது தரம் ஒன்பதுக்கு நானே படிப்பிக்கிறேன். அன்றைக்கு எனக்கு அது மந்திரம்தான்.

கதவுக்குப் பின்னாலிருந்து ராத்தாவின் குரல் வந்தது. “இன்னொருக்காக் காட்டுங்க.”

அடுத்த தேசிக்காயை ராத்தாவே கொண்டு வந்தாள். மச்சான் பழைய சேட்டொன்றைப் போட்டுக்கொண்டு ஜும்ஆவுக்குப் போனார், திரும்பியதும் நேரே கிணற்றடிக்கு வந்தார். பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்வரை அங்கே அவர்கள் இரண்டு பேரின் சிரிப்புச் சத்தம் ஓயவில்லை. மச்சான் இனிப் போகமாட்டார் என்று எனக்கும் நம்பிக்கை வந்தது.

மஞ்சள் கறை நல்ல வெயிலில் கிடந்தால் தானாகவே போய்விடும். அது உம்மாவுக்குத் தெரியும், சாயக்காரரான மச்சானுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனால் வெயில் கொளுத்திய அந்தப் பகல் முழுக்க ஒருவரும் ஜுப்பாவைக் கொடியில் போடவில்லை. உம்மா என்னைத்தான் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார். ஆணத்தைக் கொட்டியதே நான், வேடிக்கை பார்க்க மட்டும் என்னை ஏன் விடுகிறார்களில்லை என்று அன்று மாலைவரை உம்மாவோடு கோபமாக இருந்தேன்.