அளவு ஜாக்கெட்

ஜாக்கெட் தைக்கிறவளுக்கு ஊர்ப் பெண்களின் பழைய உடம்புதான் முதலில் அறிமுகமாகும். அளவுக்கு என்று அவர்கள் தரும் ஜாக்கெட், எப்போதோ ஒல்லியாக இருந்த வருஷத்துடையது. மெஷின் மிதிக்கும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

உள்ளே விட்ட துணி

காட்டுப்பாக்கத்தில் நான் கடை போட்ட நாளிலிருந்து வருபவர் ஜமீலா அக்கா. பூந்தமல்லியில் அவர் வீட்டுக்காரருக்குப் பாத்திரக் கடை. அக்கா அளவுக்குத் தருவது அவருடைய கல்யாண ஜாக்கெட். இப்போது அதில் கைகூட நுழையாது. சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். நான் உள்ளே தாராளமாகத் துணி விட்டுத் தைத்து, கொடுப்பதற்கு முன்பே இரண்டு தையலைப் பிரித்து அகலமாக்கிவிடுவேன். போட்டுப் பார்த்துக் கண்ணாடி முன் திரும்பித் திரும்பி நிற்பார்.

"பாத்தியா மல்லிகா, கல்யாணத்தப்போ இன்னா அளவோ அதேதான் இன்னிக்கும்."

கழுத்தில் தொங்கிய டேப்

என் சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். ஆளை அளந்து வெட்ட அப்போது எனக்குத் தெரியாது. பழைய ஜாக்கெட்டைத் துணிமேல் விரித்து வெட்டியே பழகியிருந்தேன். அதில் பிசகியதில்லை என்பதால் மேலே கற்றுக்கொள்ளத் தோன்றவில்லை. அளவு ஜாக்கெட் இல்லாமல் வருகிறவர்களிடம், எனக்கு வருவது இவ்வளவுதான் என்று கொஞ்சம் கெத்தாகவே சொல்லித் திருப்பி அனுப்புவேன். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஒரு பெண், படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப கழுத்துல தொங்குதே, அது இன்னா, மாலையா?"

வெறுங்கை

ஏழெட்டு மாதம் ஜமீலா அக்காவைக் காணவில்லை. வந்தபோது கையில் பட்டுத் துணி மட்டும் இருந்தது. மகளுக்கு இருபது நாளில் நிக்காஹ் என்றார். பிறகு, காய்கறி விலை சொல்வதுபோல, ஆபரேஷனில் ஒரு பக்க மார்பை எடுத்துவிட்டார்கள் என்றார். பழக்கத்தில், "அளவுக்கு ஏதாவது?" என்று கேட்டுவிட்டேன்.

"எந்த ஜாக்கெட்டும் இப்ப எனக்கு அளவு இல்ல மல்லிகா. நான்தான் அளவு."

மாங்காட்டு வகுப்பு

வேறு கடைக்கு அனுப்பியிருக்கலாம். அங்கே அவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். மறுநாள் மாங்காட்டில் ஒரு தையல் வகுப்பில் சேர்ந்து, என் வயதில் பாதிகூட இல்லாத பெண்களோடு உட்கார்ந்து செய்தித்தாளில் அளவு வரைந்து வெட்டிப் பழகினேன். எத்தனை வருஷ சர்வீஸ் என்று டீச்சர் கேட்டார். பதினாறு என்றேன். வகுப்பே சிரித்தது.

திரையை இழுத்துவிட்டு அக்காவை அளந்தேன், இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக. பழைய காட்டன் துணியில் வெட்டிப் பார்த்ததில் இரண்டு வீணாயின. மூன்றாவது சரியாக உட்கார்ந்தது. அதன் பிறகே பட்டில் கத்தரியை வைத்தேன்.

தைத்ததைப் போட்டுக்கொண்டு அக்கா கண்ணாடி முன் நின்றார். இந்தமுறை திரும்பித் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே பஞ்சு வைத்து இரண்டு பக்கமும் ஒன்றுபோல் ஆக்கிவிடட்டுமா என்று கேட்டேன். கைகளைத் தூக்கி இறக்கிப் பார்த்தார்.

"வேணாம். நான் கீற மாதிரியே இருக்கட்டும். நீ கழுத்த மட்டும் பிரிச்சுத் தை, ரவுண்டு கோணலா கீது."

நான்கு முறை பிரித்துத் தைத்தேன். அதன்பின் யாரையும் வெறுங்கையோடு வந்ததற்காகத் திருப்பி அனுப்பியதில்லை, ரவுண்டு கழுத்து மட்டும் இன்னும் ஒரு நூல் கோணல்தான்.