சரசுவின் தொண்டைக்குள் எட்டிப் பார்த்தவர்கள்

தாய் என்ற வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரிகிறது, குழந்தைக்குத் தொண்டை கட்டினால் பெற்றவளைத் தவிர எல்லோருமே வைத்தியர்கள். சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படித்தானே?

கரண்டிக் காம்பு

என் மூன்று வயது சரசு காலையிலிருந்து எதையும் விழுங்கவில்லை. மூக்கு ஒழுகல், இருமல், கம்மிய குரல். கரண்டிக் காம்பால் நாக்கை அழுத்திப் பார்த்தோம். உள்ளே வெறும் சிவப்பு. மாமியார் உள்நாக்கு வளர்ந்திருக்கிறது என்றார். நாத்தனார் பொன்னி கண் பட்டுவிட்டது என்றாள். நான் கான்வென்ட் இங்கிலீஷை நம்பி வைத்தியப் புத்தகத்தைப் புரட்டினேன். தொண்டையில் வெள்ளைச் சவ்வு படிந்தால் டிப்தீரியா, மூச்சை அடைத்துவிடும் என்று போட்டிருந்தது. ஓடிப்போய் மறுபடி பார்த்தேன். அடித்தொண்டையில் வெள்ளை! நான் போட்ட கூச்சலில் மாமியார் சொன்னார்: "மொதல்ல அந்தப் பொஸ்தவத்த மூடுடீ. பாதி சீக்கு அதுலதான் கீது!"

குதிரை வைத்தியம்

பூந்தமல்லி டாக்டரிடம் போக ஏறிய, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ் சென்னீர்குப்பத்திலேயே புகைந்து நின்றுவிட்டது. நானும் பொன்னியும் ஜட்கா பிடித்தோம். குழந்தை மூச்சு விடுகிறாளா என்று நான் மூக்கருகே கை வைத்திருக்க, வண்டிக்காரர் லகானை விட்டுவிட்டு வாய்க்குள் எட்டிப் பார்த்தார். "பயப்படாதம்மே, என் குதிரைக்கும் இப்டித்தான் வந்திச்சி. கயுத்துல வேப்பெண்ணெ தடவனேன், மறுநா கொள்ளு துன்னுச்சி!"

வெள்ளைச் சவ்வு

டாக்டர் பஞ்சுக் குச்சியால் லேசாகத் தொட்டார். வெள்ளை அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தது. டிப்தீரியாச் சவ்வு இவ்வளவு சுலபமாக வராதாம். விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "விபூதி" என்றார். நான் புத்தகத்தில் முழுகியிருந்த நேரத்தில் பொன்னி தன் வைத்தியத்தை முடித்திருக்கிறாள். "நெத்தியில பூசனா வேர்த்துப் பூடுது அண்ணி. அதான் உள்ளயே போட்டேன்!"

வைரஸ்

மூக்கொழுகலும் இருமலும் குரல் கம்மலும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் வைரஸ்தான், அது மைக்ராஸ்கோப்பிலும் தென்படாது, அதற்கென்று மருந்தும் இல்லை, கிட்டே வருபவர்களுக்கும் தொற்றும், வெந்நீர் கொடுத்தால் தானாகப் போகும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வீட்டில் வந்து ஒப்பித்தேன். மாமியார் கேட்டார்: "கண்ணுக்கும் தெரியாதாம், மருந்தும் கெடையாதாம். இத்த சொல்றதுக்கு இன்னாத்துக்குடீ ஒரு டாக்டரு?"

சரசு இப்போது கஞ்சி கேட்டுக் கணீரென்று கத்துகிறாள். அவள் வாய்க்குள் எட்டிப் பார்த்த மாமியாரும் பொன்னியும் ஜட்காக்காரரும், இதை எழுதும் நானும், டாக்டர் சொன்னது சரிதான் என்று ஆளுக்கொரு பக்கமாக இருமிக்கொண்டிருக்கிறோம்.