டச்சு வகுப்பில் அம்மா சொன்ன வாக்கியம்

நெதர்லாந்தில் நர்ஸ் வேலைக்குப் போக டச்சு தெரிந்திருக்க வேண்டும். திருவாரூர் பக்கத்து ஊரில், எங்கள் வீட்டுக் கூடத்தில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து படித்தேன். முதல் பிடுங்கல் வினைச்சொல். தமிழில் ஆற அமரக் கடைசியில் வந்து சேரும். அங்கே இரண்டாவது இடத்திலேயே வந்து குந்திக்கொள்ளும். அடுத்து, எது யாருடையது என்று சொல்வது. கூடப்பிறந்தவர் இல்லாவிட்டாலும் நாம் ‘எங்க அம்மா’ என்போம். அங்கே ‘என் அம்மா’ என்றுதான் சொல்ல வேண்டும்: மெய்ன் மூடர்.

குடும்பத்தைப் பற்றி ஐந்து வாக்கியம் கேட்டார் டச்சுக்கார வாத்தியார். எனக்கு முன்னால் பேசிய பெண்ணின் அம்மா டாக்டர். அதற்கு முந்தியவளின் அம்மா வங்கி அதிகாரி. என் அம்மா நடவுக்குப் போகிறவள். வயல்வேலை செய்பவருக்கான டச்சுச் சொல் நோட்டில் என் கையெழுத்திலேயே இருந்தது. சொல்ல வாய் வரவில்லை.

“மெய்ன் மூடர் இஸ் லேராரெஸ்” என்றேன். என் அம்மா ஆசிரியை. வாக்கியத்தில் ஒரு தப்பும் இல்லை என்று வாத்தியார் பாராட்டினார்.

பிறகு மாற்றத் துணிவில்லாமல் அதையே தினம் பயிற்சி செய்தேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவின் காதில் அது ஏறிவிட்டது.

“என்னடி அது, தெனம் சொல்றியே?”

“உன்னைப் பத்திதாம்மா. எங்கம்மா நடவு நடுறாங்கன்னு.”

அம்மாவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

ஒரு சனிக்கிழமை, வகுப்பு நடக்கும்போது, காலில் சேறு காயாமல் வந்து கேமரா முன்னால் நின்றாள். என்னைக் காட்டி, பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, அட்சரம் பிசகாமல் சொன்னாள்: “மெய்ன் மூடர் இஸ் லேராரெஸ்.”

வாத்தியார் கைதட்டினார். உங்கள் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று அம்மாவைப் பார்த்து டச்சில் கேட்டார்.

“என்னவாம்?” என்றாள் அம்மா.

“உங்க நடவுல எத்தனை பேருன்னு கேக்குறாரு.”

“இருவது பேருன்னு சொல்லு. எல்லாம் நல்ல வேலைக்காரிங்கன்னும் சொல்லு.”

இருபது பிள்ளைகள், எல்லோரும் நன்றாகப் படிப்பவர்கள் என்று டச்சில் சொன்னேன். வினைச்சொல் சரியான இடத்தில்தான் இருந்தது. அம்மா அவரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் வாய்க்காலில் கைகால் கழுவிக்கொண்டிருந்த நடவுப் பெண்கள் என்னை மறித்துக்கொண்டார்கள்.

“அந்த வாத்தியாரு எங்களையும் விசாரிச்சாராமே பாப்பா? நீ என்ன சொன்ன?”

நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

“நல்ல வேலைக்காரிங்கன்னு சொல்லுச்சு. நான் பக்கத்துலயே நின்னு கேட்டேனே.”