மூன்றாவது முகவரி

சத்தியமாக நடந்தது. நம்பாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். நள்ளிரவு இல்லை, பட்டப்பகல். எல்லா விளக்கும் எரிகிற ஆபீசில் உடும்புக்கு நடந்தது. பிடித்ததை விடமாட்டாள் என்பதால் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர்.

அவள் கம்பெனி செய்வது நோயாளியின் இதயத்துடிப்பைக் காட்டும் கருவி. தினமும் சரியாக 3.10-க்கு நான்கு நொடி உறைந்து நிற்கும். மாலை ஐந்துக்குள் காரணத்தைப் பிடிக்காவிட்டால் வேலை இல்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

சந்தேகம் அதன் ப்ரோக்ராமில் ஃபங்ஷன் எனப்படும் ஒரு துண்டின் மேல். கருவியை இயக்கும் அடிப்படை மென்பொருளான கர்னலுக்குள் அதன்மேல் ப்ரோப் என்ற வேவுக்காரனை வைத்திருந்தாள். அந்த ஃபங்ஷன் ஓடும்போதெல்லாம் ப்ரோப் ஒரு வரி எழுதவேண்டும். மூன்று நாளாகியும் ஒரு வரி இல்லை. 2.40-க்குத்தான் மண்டையில் உறைத்தது. அதே பெயரில் இன்னொரு ஃபங்ஷனும் இருந்தது. வெறும் பெயரைக் கொடுத்ததால், ப்ரோப் முதலில் அகப்பட்டதன்மேல் உட்கார்ந்துவிட்டது. தப்பான வீட்டு வாசலில் மூன்று நாள் காவல்! கீபோர்டைத் தூக்கி எறியலாம் போல ஆத்திரம் வந்தது.

இனிப் பெயரே வேண்டாம், மெமரியில் அது இருக்கும் இடத்தின் முகவரியைக் கொடுத்து வைப்போம் என்று ஃபங்ஷன் பட்டியலைத் திறந்தாள்.

அதே பெயர். இரண்டு அல்ல... மூன்று.

மூன்றாவதன் முகவரி கர்னல் முடிந்து வெகுதூரம் தள்ளி. அங்கே எதுவுமே இருக்கக் கூடாது.

"இது வேறயா," என்று முனகியபடி அதன்மேலும் ப்ரோப் வைத்தாள். அங்கிருந்ததை நகல் எடுத்தாள். வெளியிலிருந்து யாரும் விளையாடக் கூடாதென்று நெட்வொர்க் வயரையும் பிடுங்கினாள்.

3.10.

ஒரு வரி வந்தது. மூன்றாவதிலிருந்து.

கருவி உறையவில்லை...

பீப்... பீப்... திரையில் துடிப்பு ஓடியது.

சென்சார் யார் உடம்பிலும் ஒட்டாமல் மேசைமேல் சும்மா கிடந்தது.

பீப்...

ஆபீசே அண்ணன் என்று அழைக்கும் அடுத்த சீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். அவர் பட்டியலை எட்டிப் பார்த்தார்.

"ரெண்டுதானேம்மா இருக்கு."

இரண்டுதான் இருந்தது. சத்தமும் நின்றிருந்தது.

நகல் மட்டும் அழியவில்லை. பிரித்துப் படித்தால், கோளாறைச் சரிசெய்யும் ஆறு வரித் திருத்தம். அதைச் சேர்த்து, கருவியின் கடிகாரத்தை 3.09-க்குத் திருப்பி ஓட்டிப் பார்த்தாள். பத்துத் தடவை. உறையவே இல்லை. 4.52-க்கு வேலை தப்பியது.

மறுநாள்தான் அண்ணன் வாய் திறந்தார். போன வருஷம் அவள் சீட்டில் இருந்தவர், இதே 3.10 கோளாறைப் பிடித்துவிட்டேன், நேரில் வந்து சரிசெய்கிறேன் என்று போன் செய்தாராம். வரும் வழியில் விபத்து. லாப்டாப் சுக்குநூறு. அவருக்கு உயிர் மட்டும் இருந்தது.

"அப்புறம்?"

"ஆஸ்பத்திரியில அவருக்கு மாட்டினது நம்ம கருவிதாம்மா. சரியா மூணு பத்துக்குத் திரையில துடிப்பு நின்னிருக்கு. வழக்கம்போல மெஷின்தான் உறைஞ்சிருக்குன்னு... யாரும் ஓடிப் போகல."