கீழே உள்ள படம்

எங்கள் டவுன் நூலகத்தில் தமிழ்ப் பகுதிக்கு என்று ஓர் அறை உண்டு, அதற்குப் பொறுப்பு நான். வருட முடிவுக்குள் ஆள் வராவிட்டால் அலுமாரிகளை அகற்றிவிட்டு, அதைக் கூட்டம் நடத்தும் அறையாக்கப் போவதாக மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். கூட்டத்துக்கு வருபவர்கள் உட்காரக் கதிரைகளைக்கூடக் கொண்டுவந்து மூலையில் அடுக்கியாகிவிட்டது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சுற்றிலும் இத்தனை தேயிலைத் தோட்டங்கள், வாசிக்கத் தெரிந்த இத்தனை பெண்கள். ஒருத்திகூடப் படியேறவில்லை என்றால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அந்த நாட்களில்தான் பஸ்ஸில் பொட்காஸ்ட் கேட்கப் பழகினேன். மலை வளைவுகளில் புத்தகத்தைத் திறந்தால் எனக்குத் தலை சுற்றும். காதால் கேட்டால் ஒன்றும் செய்யவில்லை. ஒருவர் மண்ணைப் பற்றிப் பேசினார், இன்னொருவர் இரத்த அழுத்தத்தைப் பற்றி. கேட்கிற சுவாரசியத்தில் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், மழையில் திரும்பி நடந்திருக்கிறேன்.

என் நாத்தனார் அக்கரப்பத்தனையில் கொழுந்து பறிக்கிறாள். புத்தகம் வாசிக்கச் சொல்லி அவளை நான் நச்சரிக்காத நாளில்லை.

"ரெண்டு கையும் கொழுந்துல இருக்கு அண்ணி. காது மட்டுந்தான் சும்மா இருக்கு," என்றாள் ஒருநாள்.

எனக்குப் பொறி தட்டியது. நம் ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து இலங்கை மலைநாட்டுக்கு வந்த வரலாற்றைச் சொல்லும் புத்தகமொன்றை எடுத்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஃபோனில் வாசித்துப் பதிந்து வட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவள் ஃபோனைத் தலைத்துணிக்குள் செருகிச் சத்தமாக வைக்க, பக்கத்து நிரைப் பெண்களும் கேட்டார்களாம். கங்காணியும் நின்று கேட்டாராம்.

பாராட்டு வரும் என்று பார்த்தால் நாத்தனாரிடமிருந்து கேலிதான் வந்தது.

"'கீழே உள்ள படத்தில் பாதையைக் காண்க'ன்னு சொல்றீங்க. நாங்க எல்லாரும் குனிஞ்சு பாத்தோம். கால்ல அட்டைதான் ஏறிக்கிட்டு இருந்திச்சு!"

ஓர் எழுத்து விடாமல் வாசித்திருக்கிறேன், மண்டு. மறுபடி பதிந்து, அந்த வரைபடத்தை வாயாலேயே காட்டப் பார்த்தேன். மன்னார்க் கரை, காடு, தம்புள்ளை, மாத்தளை. என்ன சொல்லியும் எனக்கே திருப்தியில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரும் அவளோடு வேலை செய்யும் பெண்களும் செருப்பைக் கழற்றிவிட்டு நூலக வாசலில் தயங்கி நின்றார்கள்.

"அந்தப் படத்தப் பாக்கணும்," என்றாள் ஒருத்தி.

புத்தகத்தை மேசையில் விரித்து வைத்தேன். அவள் கறை படிந்த விரலை மன்னாரில் வைத்து மெதுவாக நகர்த்தினாள். மாத்தளையோடு கோடு முடிந்தது. விரல் நிற்கவில்லை. எங்கள் மலை இருக்கும் இடம்வரை வந்துதான் நின்றது.

"இம்புட்டுத் தூரம் நடந்தே வந்திருக்காங்க. இந்தா இருக்கிற டவுனுக்கு பஸ்ஸுல வர நமக்கு இத்தன வருசமாயிருச்சே," என்றாள்.

உட்கார இடம் போதவில்லை. மூலையில் அடுக்கியிருந்த கூட்டக் கதிரைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன்.