அம்மாளை நித்திரையாக்கிய குளிசை

நரம்புக்குள் ஒளிந்திருக்கும் வைரஸைப் பற்றி எங்கள் ஆஸ்பத்திரியில் என்னைவிடத் தெரிந்த ஆள் கிடையாது. பொய். நான் ட்ரொலி தள்ளுகிறவன். படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் இரண்டு தரம். மிச்சமெல்லாம் டொக்டர்மாருக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டது. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன்.

பூநகரியிலிருந்து சிவராசா அண்ணை வந்தார். நெற்றியில் ஒரு பக்கம் மட்டும் கொப்புளம், கண்மடல் வரை இறங்கியிருந்தது. இன்றைக்கே குளிசை தொடங்காவிட்டால் கண் பறிபோகலாம் என்றார் டொக்டர். அண்ணையின் மனைவி தவமணி அக்கா குளிசையைத் தொடவிடவில்லை.

"அம்மாள் வந்திருக்கிறா. மருந்து குடுத்துக் கலைக்கிறதோ? வேப்பிலையே காணும், வேறை ஒண்டும் வேண்டாம்."

டொக்டர் மரபணு, புரதம் என்று வியர்க்க வியர்க்க விளக்கினார். அக்கா வேப்பிலையால் அவருக்கும் விசிறிவிட்டார்.

நான் வாயைத் திறந்தேன்.

"அக்கா, அண்ணைக்குச் சின்னனிலை கொப்பளிப்பான் வந்ததோ?"

"ஓம். அம்மாள் அப்பவே இறங்கிப் போட்டா."

"போகேல்லை அக்கா. அந்த வைரஸ் நரம்புக்குள்ளைதான் கிடந்தது. புரதங்கள் அதைப் பாய் மாதிரிச் சுருட்டிக் கட்டி வைச்சிருந்தது. சுருட்டின பாயிலை ஆர் படுக்கிறது? உடம்பு களைச்ச உடனை கட்டு இளகி, பாய் விரிஞ்சிட்டுது."

"அப்ப குளிசை?"

"கலைக்காது. கலைக்கவும் ஏலாது. பெருகாமல் மறிக்கும். பிறகு அது திரும்பச் சுருண்டு நரம்புக்குள்ளையே படுத்திடும்."

டொக்டரைப் பார்த்தேன். தலையாட்டினார்.

"அப்ப அம்மாளை நித்திரையாக்கிற குளிசை எண்டு முதலே சொல்லியிருக்கலாமே!" என்று அக்கா தானே தண்ணீர் எடுத்து அண்ணையின் வாயில் குளிசையைப் போட்டார்.

கண் தப்பியது. அண்ணை தப்பவில்லை. பிறகு கிளினிக்குக்கு வந்தவர் என்னைச் சுவரோரம் இழுத்துப் போனார்.

"டேய், உனக்கு நான் என்னடா செய்தனான்? உள்ளுக்கை அம்மாள் படுத்திருக்கிறா எண்டு கள்ளு இல்லை, மீன் இல்லை, பீடி இல்லை. சத்தம் போட்டால், 'மெதுவாக் கதையுங்கோ, அவா எழும்பிடுவா' எண்டுறாள் மனுசி. அவா ஒருநாளும் போகமாட்டா எண்டும் சொல்லிப்போட்டாய்!"

"கண் வடிவாத் தெரியுதோ அண்ணை?"

"தெரியுது. மரக்கறியைப் பார்க்க என்னத்துக்கடா கண்?"

இதிலிருந்து நீங்கள் படிக்க வேண்டியது என்னவென்றால், நோயாளிக்கு விளக்கம் சொல்லும்போது பக்கத்தில் மனைவி...

பொறுங்கள், நேர்ஸ் மிஸ்ஸி கூப்பிடுகிறார்.

"அண்ணை, கெதியா வாங்கோ! தவமணி அக்கா அஞ்சாறு பொம்பிளையளைக் கூட்டிக்கொண்டு வந்து நிக்கிறா. எல்லாரும் புருசன்மாரைக் கையிலை பிடிச்சபடி. அந்த நரம்புக் கதையை இவையளுக்கும் ஒருக்காச் சொல்லட்டாம்."